சாளைத் தலைச் சோதனை

"டெய்சி ஏன் மாமா இப்பம் கேட்டுப் பக்கம் வாறதே இல்ல?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"வயசாக்கும் மக்கா," என்றார் பக்கத்து வீட்டு ரெத்தினதாஸ் மாமா.

"எப்பமும் வெள்ளம் குடிச்சிட்டே கெடக்கு. நேத்து எங்க வாளியையும் காலி பண்ணிச்சு."

"சூடு கண்டியா? வயசானா சூடு தாங்காது."

"வயிறு வீங்கின மாதிரி இருக்கே?"

"வயசானா தொந்தி வராதா? என்னப் பாரு."

பார்த்தேன். மறுக்க இடமில்லை.

"மூச்சும் வாங்குது மாமா. ஒரு டாக்டரக் காட்டினா..."

"நீ ஒண்ணும் பேடிக்காத. சாளத்தல போட்டா எடுத்துட்டுப் போவுதுல்லா? பின்ன என்ன சீக்கு, என்ன தீனம்?"

வாசகரே, இதோ அந்த உயிரினம். நாயைச் சொல்லவில்லை. மாமாவைச் சொல்கிறேன். பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரைக்கும் ரப்பர் நிழல் விழுகிற எல்லா இடத்திலும் நன்றாகச் செழித்து வளரும் இந்த இனத்துக்கு 'வயசாக்கும் வைத்தியர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். இவரிடம் இருப்பது ஒரே ஒரு நோயறிதல்தான். ஆனால் அதை இரண்டு மொழிகளில் சொல்வார். தமிழில் "வயசாக்கும்", கேட்பவர் மலையாளி என்றால் "பிராயமாயில்லே". இரண்டிலும் மருந்துச் செலவு கிடையாது.

இவர் அலட்சியக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ரப்பர் மரத்தில் பருவம் தப்பி ஓர் இலை பழுத்தால் பெருங்கடவிளை வரை போய் ஆள் கூட்டி வருவார். ஸ்கூட்டர் லேசாக இருமினால் மெக்கானிக்கின் சாப்பாட்டு நேரத்தையும் பார்க்க மாட்டார். ஒருமுறை சர்ச் சபையில் கல்யாண பிரியாணி தின்றுவிட்டு வந்த ஏப்பம் வழக்கத்தைவிட ஒரு சுருதி மேலே போனதற்காக ஈசிஜி எடுத்து, அது சரியாக இருந்ததில் மனம் ஒப்பாமல் வேறோர் ஆஸ்பத்திரியில் இன்னொன்றும் எடுத்தவர். அக்கறைக்குக் குறைவே இல்லை. அது நாய்வரை வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இனி அந்தச் சோதனை. எங்கள் பக்கத்தில் மீன்காரன் சத்தம் கேட்டுச் சாளை என்கிற மத்தியை வாங்காத வீடு குறைவு. மீனை அறுக்கும்போது தலையை நாய்க்கு எறிவார்கள். நாய் அதைக் கவ்வினால் ஆரோக்கியம். கவ்வாவிட்டால் மட்டும்தான் சீக்கு. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஒரு மீன் தலையில் மருத்துவத்தை முடித்துவைத்த ஊர் எங்களுடையது. டெய்சி தினமும் சோதனையில் தேறியது. மெதுவாக எழுந்து வரும். தலையை வாயில் வாங்கும். வாலை ஓர் அசைப்பு அசைக்கும். தள்ளாடிக்கொண்டு புகைப்புரைக்குப் பின்னால் போகும். மாமா வெற்றியோடு வேலியைப் பார்ப்பார். வேலிக்கு இந்தப் பக்கம் நான்தான் இருப்பேன்.

ஒரு காலையில் மாமாவின் மனைவி சுகிர்தபாய் மாமி என்னைக் கூப்பிட்டார். "பிள்ளே, இஞ்ச ஒண்ணு வா. என்னமோ நாறுது."

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அந்தப் புரைக் கொட்டகைக்குப் பின்னால், காய்ந்த இலைகளுக்கு அடியில், சாளைத் தலைகள் கிடந்தன. எறும்பு மொய்த்தது. ஒன்றில்கூடப் பல் படவில்லை. வேண்டாத கல்யாணப் பரிசை நாம் சிரித்துக்கொண்டே வாங்கி அலமாரியில் அடுக்குவோமே, அப்படி எஜமான் தந்ததை மறுக்காமல் வாங்கி, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மறைத்திருந்தது டெய்சி. அதன் பக்கத்திலேயே வாந்தி எடுத்துப் படுத்திருந்தது. கூப்பிட்டோம். கண்ணை மட்டும் திருப்பியது.

மாமா வந்து பார்த்தார். "பூனை கொண்டு வச்சதாக்கும்."

"பூனைக்கு மீனு வேண்டாண்ணு எப்பம் ஆச்சு?" என்றார் மாமி. "வாய வச்சிட்டுச் சும்மா இருங்க. ஆட்டோவ விளியுங்க."

மிருகாஸ்பத்திரியில் டாக்டரம்மா டெய்சியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. வயிற்றை மெல்லத் தொட்டார். "கருத்தடை செய்யலையா? பின்னால நக்கிட்டே இருந்துச்சா?"

"அது... வயசாக்கும் டாக்டர்," என்றார் மாமா. பழக்கம் விடுமா?

"வயசு ஒரு தீனமில்ல சார். கர்ப்பப்பை முழுக்கச் சீழு. அதாக்கும் இந்தத் தண்ணித் தாகம். இப்பமே ஆபரேஷன் செய்யணும்."

"பிழைக்குமா?"

"முந்தியே வந்திருக்கணும். பாப்போம்."

மாமா வெளியே வந்து பெஞ்சில் உட்காரவில்லை. கதவுக்கு முன்னால் நின்றார். அவரை நான் அறிந்த காலத்தில் அவர் பேசாமலிருந்த நேரம் அது ஒன்றுதான்; சபையில் பிரசங்கத்தின்போதுகூட அப்படி இருந்ததில்லை.

டெய்சி பிழைத்தது. வயிற்றில் கட்டோடு, நாக்கு ஒரு பக்கம் தொங்க, மயக்கம் பாதி தெளிந்த நிலையில் மாமாவைப் பார்த்ததும் வாலால் மேசையை ஒருமுறை தட்டியது. அந்த வாலைத்தான் அவர் ஆரோக்கியம் என்று நம்பியிருந்தார். ஆனால் இந்த இனத்தின் உயிர்ச்சக்தியையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. திரும்பும் வழியில் ஆட்டோ முதல் வளைவைத் தாண்டுவதற்குள், "எனக்கு ஆதியிலேயே ஒரு சம்சயம் உண்டு, கேட்டியா," என்று தொடங்கிவிட்டார். மாமி வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே உங்கள் முற்றத்தில் சுருண்டு கிடப்பதையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். எப்போதும் ஓடிவருவது வராதபோது, மூச்சு மேலும் கீழும் வாங்கும்போது, வாளி வாளியாகத் தண்ணீர் காலியாகும்போது, நீங்கள் என்ன சொன்னீர்கள்? எந்த மொழியில் சொன்னீர்கள்?

போன மாதம் சபைப் படிக்கட்டில் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. "வயசாச்சுல்லா?" என்றார் மாமி, எல்லார் முன்பும். அன்று மாலை மாமா வேலிப் பக்கம் வந்தார். டெய்சியும் கூடவே வந்தது. மாமி அடுக்களையில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மக்கா, எனக்கொரு உபகாரம் செய்யணும். நான் எங்கயாவது சுருண்டு கெடக்கியம்போ, ஒன் மாமி மீன்கறி கொண்டுதந்து, நானும் மரியாதைக்கு அத வாங்கிட்டேண்ணு வையி... அத மட்டும் நம்பிராத. ஒடனே ஆட்டோவ விளிச்சிரு."