என் கையெழுத்தை அச்சில் ஏற்றாதீர்கள்

பெருமதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் வாரப் பத்திரிகையைப் பதினெட்டு ஆண்டுகளாக ஓர் இதழ் விடாமல் படித்துவரும் வாசகன் கைகூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும், குடும்பத்தாரும், அச்சுக்கூடத்து ஊழியர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன், அவ்வளவுதான். நான்கு நாட்களாகச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. அழைப்புமணி அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறேன். நேற்று அடித்தவர் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று தெரிந்த பிறகும் கால்மணி நேரம் வெளியே வரவில்லை.

'இந்தக் கதாநாயகர்களுக்கு இந்த நாற்காலி தகுமா?' என்று தாங்கள் ஒரு கடிதப் போட்டி வைத்தீர்கள். அதில் முதல் பரிசு வாங்கிய 'கடைசி வரிசை' என்ற புனைபெயர்க்காரன் நான்தான். கடிதத்தை அச்சிட்டதோடு விட்டிருந்தால் நான்பாட்டுக்கு ஒரு மூலையில் கிடந்திருப்பேன். 'அடுத்த இதழில் பரிசுக் கடிதம், எழுதியவரின் கையெழுத்திலேயே, முழுப் பக்கத்தில்' என்று அறிவித்திருக்கிறீர்களே, அதுதான் என் கழுத்துக்கு வந்த கத்தி. தயவுசெய்து போடாதீர்கள். கிழித்துவிடுங்கள். கிழித்ததைக் கொளுத்திவிடுங்கள்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தில் நான் கிழிகிழியென்று கிழித்தேனே ஒரு நடிகரை, ரசிகர்கள் 'இடிமுழக்கம்' என்று கொண்டாடுபவரை, அவருக்குப் பதினோரு ஆண்டுகளாகப் பின்னணிக் குரல் கொடுப்பவன் நான். இடியும் என்னுடையது, முழக்கமும் என்னுடையது. வாயசைப்பு மட்டும் அவருடையது. வெளியே ஒருவருக்கும் தெரியாது. போன படத்தில் தாயைப் பறிகொடுக்கும் காட்சி ஒன்று வந்தது. அவர் முகம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் முகம் போல இருந்தது. நான் அழுத அழுகையில் தொண்டை கட்டி இரண்டு நாள் வெந்நீரில் உயிர் வாழ்ந்தேன். விருது அவருக்குப் போயிற்று. 'உணர்ச்சிப் பிழம்பு' என்று எழுதியதும் தங்கள் பத்திரிகைதான். வயிறு எரிந்தது ஐயா. அந்த எரிச்சலில், 'குரலை எடுத்துவிட்டால் இவர் துணிக்கடை வாசல் பொம்மை, நாற்காலியில் பாதி அந்தக் குரலுக்குச் சேரவேண்டும்' என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். போட்ட கையோடு தபால்பெட்டிக்குள் விரலை விட்டு எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

புனைபெயர்தானே என்று கொஞ்சம் தைரியமாக இருந்தேன். அங்கேதான் தொழில் புத்தி காலை வாரிவிட்டது. எங்கள் வசனத் தாளில் மூச்சு எடுக்கவேண்டிய இடங்களில் சாய்கோடு போடுவோம். ஒரு கோடு சின்ன மூச்சு. இரண்டு கோடு என்றால் நடிகர் திரும்பிப் பார்க்கும்வரை நிறுத்த வேண்டும். சின்ன வட்டம் என்றால் எச்சில் விழுங்க வேண்டும். கை பழகிப்போனதால் கடிதம் முழுக்கக் கோடும் வட்டமுமாகப் போட்டுத் தொலைத்திருக்கிறேன். தங்கள் ஆட்கள் அதை ஏதோ புதுமாதிரி எழுத்து என்று நினைத்தார்களோ என்னவோ, எச்சில் விழுங்கும் இடத்தைக்கூட விடாமல் அப்படியே அச்சிட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை இடிமுழக்கம் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் தங்கள் பத்திரிகை விரித்துக் கிடந்தது.

"அண்ணே, இதைப் படிச்சீங்களா?"

"பத்திரிகை படிக்கிற பழக்கமே இல்லைங்க," என்றேன். என் அக்குளில் அதே இதழைச் சுருட்டி இடுக்கியிருந்தேன்.

"எழுதினவன் வெளியாள் இல்லண்ணே. பாருங்க, மூச்சுக்கோடு போட்டிருக்கான். நம்ம டப்பிங் ரூம் ஆளுதான். யாருன்னு நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. உங்களைத் தவிர நான் யாரை நம்புறது?"

திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை ஆயிற்று. அதோடு விட்டாரா? அடுத்த படத்தில் தானே சொந்தக் குரலில் பேசப்போவதாகவும், நான்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயால் பதினோரு ஆண்டு பிழைத்தவன் நான் கையால் கெட்டேன். வீட்டில் சொன்னால், "எழுதுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? சரி, இப்ப அந்தப் பெரிய குரல்ல தைரியமா ஏதாவது சொல்லுங்க பார்ப்போம்," என்றாள் என் மனைவி. தொண்டையைச் செருமிக்கொண்டு முயன்றேன். பூனை கத்தியது போல ஒன்று வந்தது.

செவ்வாய்க்கிழமை பாடம் தொடங்கியது. அவர் சொந்தக் குரலை நான் கேட்டதே குறைவு. பொது இடங்களில் கும்பிட்டுச் சிரிப்பதோடு சரி, அதை நான் கர்வம் என்று நினைத்திருந்தேன். மெல்லிய குரல். 'என் தங்கச்சியைத் தொட்டவன் எவன்டா' என்ற வசனத்தைப் படித்தார். வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிப்பது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் ஹெட்போனைக் கழற்றியவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பதினோரு வருஷமா ஒரு கடையில நின்னு சாமான் கேட்டதில்லண்ணே. வாயைத் திறந்தா இவனா அவன்னு பார்ப்பாங்க. என் பொண்ணு தினமும் கதை கேக்கும். 'சினிமாக் குரல்ல சொல்லுப்பா'ங்கும். நான் தூங்கிட்ட மாதிரி கண்ணை மூடிக்குவேன். லெட்டர் எழுதினவன் மேல கோவம் இல்ல, பயம்தான். அவன் சொன்னது நெசம்தானே?"

ஐயா, பதினோரு ஆண்டுகள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தே பிழைத்தவன் நான். உதட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருடைய வசனத் தாள் எல்லாமே என் கையெழுத்து. தங்கள் முழுப் பக்கத்தைக் கண்ட கணமே கண்டுகொள்வார். வேலை போனால் போகட்டும், எங்காவது ரயில் அறிவிப்புச் சொல்லிப் பிழைத்துக்கொள்வேன். 'உங்களைத் தவிர யாரை நம்புறது' என்று கேட்டாரே, அந்த மனிதர் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

வீட்டில் மனைவியின் பார்வைக்குப் பயந்து, இதை ஒலிப்பதிவு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்கு முதுகைக் காட்டி எழுதுகிறேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால்தான் எனக்கு எழுத்து ஓடும். இந்த அறையில் எவ்வளவு கத்தினாலும் வெளியே ஒரு பொட்டுச் சத்தம் போகாது. பரிசான சுவர்க் கடிகாரத்தை அச்சுக்கூடத்திலேயே மாட்டிக்கொள்ளுங்கள். தாங்களும் தங்கள் பத்திரிகையும் நூறாண்டு செழித்து வாழவேண்டும். அடுத்த இதழ் மட்டும் வராமலே போனாலும் பாதகமில்லை.

இப்படிக்கு,
பெயரெழுதப் பயப்படும்
'கடைசி வரிசை'

பி.கு.: மேலே கேட்டுக்கொண்டதை எல்லாம் மறந்துவிடுங்கள். எழுதி முடித்து நிமிர்ந்தால், மைக் அருகே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. நேற்றுப் பாடம் முடிந்ததும் மைக்கை நிறுத்த மறந்திருக்கிறோம். திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இடிமுழக்கம் உட்கார்ந்திருந்தார். 'பெருமதிப்புக்குரிய' என்பதிலிருந்து கேட்டிருக்கிறார்.

கதவைத் திறந்து உள்ளே வந்தார். நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "பயப்படாதீங்கண்ணே," என்றார், சொந்தக் குரலில். அதே மெல்லிய குரல்தான், ஆனால் துளி நடுக்கம் இல்லை. மூச்சு சரியான இடத்தில் விழுந்தது. அந்த ஒரு வசனத்துக்கு நான் பின்னணி பேசியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். நாற்காலி அவருக்குத் தகும் ஐயா, இதைத் தாங்கள் கொட்டை எழுத்திலேயே போடலாம்.

"ஆனா பாதி நாற்காலி கேட்டீங்கல்ல, குடுத்துடறேன்," என்றார் அடுத்தபடியாக. அவர் நடிக்கும் புதுப் படத்தில், முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை கூடவே வரும் அண்ணன் வேடம் எனக்காம். மறுக்கக்கூடாதாம். வாய் பேச முடியாத அண்ணன். ஒரு வரி வசனம் கிடையாது, முகம் மட்டும்தான்.

ஆகவே என் கையெழுத்தை முழுப் பக்கத்தில் தாராளமாகப் போடுங்கள். அவருக்குச் சம்மதம். இப்போதுதான் போய்க் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் முகம். படம் வெளிவந்த மறுவாரம், 'இந்த ஆளுக்கு இந்த வேடம் தகுமா?' என்று தங்களுக்கு யாராவது எழுதாமல் இருக்கமாட்டார்கள். காலில் விழுந்து கேட்கிறேன், அந்தக் கடிதத்தைக் கிழித்துக் கொளுத்திவிடுங்கள். அது என் மனைவியின் கையெழுத்தில் இருந்தாலும் சரி.