சஹனில் செத்த மருத்துவச்சி

கல்யாணத்துக்கு முன் நான் ஒரு பெண்ணுக்காக ஊர் கூடியிருந்த இடத்தில் தொண்டை கிழிய வாதாடியிருக்கிறேன். அவள் ஒரு கணினி விளையாட்டில் வரும் மருத்துவச்சி. (சிரிக்காதீர்கள். அவள் செத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.)

சம்மாந்துறையில் ஒரு கல்யாண வீட்டு வலீமா விருந்து. எனக்குப் பேசியிருந்த பெண்ணின் வாப்பா, அரிசி மில் ஹாஜியார், சம்மதம் சொல்லுமுன் என்னை நேரில் பார்க்க விரும்பினார். ஆகவே நாலு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் ஒரே சஹனில், அந்தப் பெரிய தட்டைச் சுற்றி, எங்களைச் சேர்த்து உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார் என் மாமா. நாலாவது ஆளாக வந்து குந்தினான் என் கூட்டாளி றிஸ்வி. வினை அங்கேதான் தொடங்கியது.

"வாயத் திறக்காத. கேட்டா ஓம் எண்டு மட்டும் சொல்லு," என்று மாமா காதைக் கடித்தார். எனக்குப் பெண்ணை மிகவும் பிடித்திருந்தது. தலையாட்டினேன்.

முதல் பிடி சோறு வாய்க்குப் போகுமுன் றிஸ்வி சொன்னான்: "மச்சான், கேமை முடிச்சிட்டன்டா. அந்த மருத்துவச்சி இளவரசன்ட காதலுக்காகத்தான் செத்தா."

"விசர்க்கதை கதைக்காத! ட்ராகன்ட கதவைத் திறந்துவிட்டதே அவதான். அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் நெருப்புக்குள்ள போனா. அது தியாகமே இல்ல!" என்று பாய்ந்தேன்.

சொன்னால் இவனுக்கு விளங்காது என்று செய்தே காட்டத் தொடங்கினேன். சஹனில் அவரவர் தன் முன்னால் இருக்கும் சோற்றைத்தான் தொட வேண்டும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானோ ஹாஜியார் பக்கத்துச் சோற்றை வாரிக் கோட்டை கட்டினேன். அவித்த முட்டை இளவரசன். அச்சாறு நெருப்பு. மாமா மரியாதையாகப் பிய்த்து ஹாஜியார் முன்னால் வைத்த கோழிக்கால்தான் மருத்துவச்சி. "இப்பிடித்தான்டா போனா!" என்று அவளை நெருப்பில் இறக்கிக் காட்டியபோது பக்கத்துச் சஹன்களில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். மாமா என் தொடையைக் கிள்ளியதெல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான் வலித்தது.

ஹாஜியார் மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த நேரம் இளவரசன் என்ன செய்தான் மகன்?"

"சும்மா பாத்துக்கிட்டு நிண்டான் ஹாஜியார்!"

"இப்ப அந்தப் புள்ள எங்க?"

நாலு பேரும் சஹனைப் பார்த்தோம். முட்டை இருந்தது. கோட்டை இருந்தது. என் கையில் எலும்பு மட்டும் இருந்தது. வாதாடிய வேகத்தில் மருத்துவச்சியை நானே தின்று முடித்திருந்தேன்.

கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன். மாமா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் ஹாஜியாரிடமிருந்து செய்தி வந்தது: "இல்லாத புள்ளைக்கே இவ்வளவு கவலைப்படுறவன், இரிக்கிற புள்ளய நல்லாப் பாப்பான்." (கோழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.)

இன்று அவர் என் மாமனார். எந்த விருந்துக்குப் போனாலும், சஹன் வந்ததும் தன் பங்குக் கோழிக்காலை எடுத்து என் பக்கம் வைத்துவிடுவார். "மருமகனுக்காக என்ன தியாகம்!" என்று கூட இருப்பவர்கள் மெச்சுவார்கள்.

"தியாகமெல்லாம் இல்ல," என்பார் அவர், முட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. "பயம்."