மாட்டுக்குப் பின்னால் டம்ளரோடு நிற்பவர்

கையில் பிளாஸ்டிக் டம்ளரோடு, மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டு, பயபக்தியுடன் குனிந்து நிற்கும் ஒரு பெரிய மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா? அவர்தான் சோதனைக்காரர். எதையும் சோதித்துத்தான் நம்புவார். சோதித்ததை ஊருக்குச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் சந்திரமோகன்.

கறவை மாடு வளர்ப்போருக்கான பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்வந்தார். ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல், மூத்திரத்தை வைத்தே மாட்டின் உடம்பை அறியலாம் என்று அங்கே சொன்னார்களாம். தண்ணீர் கலந்து பச்சைப்பயறில் ஊற்றினால், சினைமாட்டின் மூத்திரத்தில் பயறு சரியாக முளைக்காது. காகிதப் பட்டையை நனைத்தால், தீனி போதாமல் மாட்டின் கொழுப்பு கரைந்தால் பட்டை கத்தரிப்பூ நிறமாகிவிடும். மற்றவர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சாப்பிட்டு வீடு திரும்பினார்கள். சந்திரமோகன் வேறு ஆளாகத் திரும்பினார்.

அன்றுமுதல் அவர் வீட்டு ஜன்னலெல்லாம் பயறுக் கிண்ணங்கள். அவர் மனைவி சசிகலா முளைகட்டிய பயறு சமைப்பதையே விட்டுவிட்டார். சொந்த மாடுகள் சலித்ததும் பக்கத்துத் தொழுவங்களுக்குக் கிளம்பினார். நின்றால் மாடு உடனே பெய்துவிடுமா? காத்திருப்பார். மாடு நகர்ந்தால் நகர்வார். ஒருநாள் பக்கத்துத் தொழுவம் ஒன்றில் மங்கிய வெளிச்சத்தில் மூத்திரம் பிடித்துப்போய்ப் பயறில் ஊற்றி, "சினை இல்லைங்க" என்று தொழுவத்துக்காரர் நஞ்சப்பனிடம் வருத்தத்தோடு அறிவித்தார். முடிவு சரிதான். அது காளை.

இப்படிப்பட்டவர் எங்கள் தெரு அன்பரசியின் மாட்டைப் பார்க்க வந்தபோது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறைசினை மாடு, குடும்பத்துக்கே அதன் பால்தான் வருமானம். தவிட்டை மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறதே என்று அவர் கேட்டதற்கு, வெயிலுக்கு அப்படித்தான் என்றாள். சந்திரமோகன் டம்ளரில் பாதி, சட்டையில் பாதி பிடித்தார். பட்டை கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது.

அவர் முகம் மாறிவிட்டது. வழக்கமான சொற்பொழிவு வரவில்லை. டாக்டரைக் கூப்பிடச் சொன்னார்.

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்கண்ணா. டாக்டர் வந்து பாத்து ஒண்ணுமில்லன்னு போனாரு."

"இந்தத் தடவ தப்பா இருந்தா, இனிமே உங்க வூட்டுப் பக்கமே வரமாட்டேன் அன்பரசி."

அன்பரசி உடனே போனை எடுத்தாள். மாட்டுக்காகவா, அந்த வாக்குறுதிக்காகவா என்று இன்றுவரை அவள் சொன்னதில்லை.

டாக்டர் வருவதற்குள் மாடு படுத்துவிட்டது. அன்பரசி வாசலில் நின்று அழுதாள். சந்திரமோகன் பட்டையை மறந்து, ஊருக்குக் காட்டப் போட்டோ எடுக்க மறந்து, மாட்டின் கழுத்தைத் தடவியபடி சாணியிலேயே உட்கார்ந்திருந்தார். டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். வாய்வழியாக மருந்து ஊற்றினார். வயிற்றுக் கன்றுக்கும் சேர்த்துத் தாய்க்குத் தீனி போதாமல் வந்த கோளாறாம். இன்னும் தாமதித்திருந்தால் இரண்டையும் இழந்திருக்க வேண்டும் என்றார். மறுநாள் மாடு எழுந்தது. பிறகு நல்லபடியாகக் கிடாரிக் கன்றும் போட்டது.

சந்தோஷம்தானே என்கிறீர்களா? எங்கள் கஷ்டகாலம் அன்றுதான் தொடங்கியது. தப்பாகச் சொன்னபோது சிரித்து அனுப்பலாம். சரியாகச் சொன்ன மனிதரை என்ன செய்வது? இப்போது ஏரியூர்வரை போய்வருகிறார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் தொழுவத்தை விசாரிக்கிறார். அன்பரசி அவருக்கு நாற்காலி போட்டுக் காபி கொடுக்கிறாள். நாங்களும் அவர் வந்தால் மாட்டைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிறோம்.

நல்லவேளை, நீங்கள் அப்படியில்லை. காலையில் எடை, மாலையில் பிரஷர், நடுவில் நடந்த அடிக்கணக்கு எல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவதோடு சரி. ஆமாம், இதைப் படிக்கும்போதே மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தீர்களே, எவ்வளவு காட்டுகிறது?