இதுதான் சார் நேர்

ஞாயித்துக்கிழமை. சர்ச் முடிஞ்சு வந்ததும் கார் ஸ்டீயரிங்க சரி பண்ண ஒக்காந்தேன்.

நம்ம கார் பழசு. ஸ்டீயரிங்க கால் வட்டம் சுத்துனாதான் சக்கரத்துக்கே சேதி போவும். மெக்கானிக் பாஷா பாய் போன வாரமே பாத்துட்டு, "டை ராட் எண்டு தேஞ்சிடுச்சு சார். ஸ்டீயரிங்கோட சக்கரத்த சேக்குற மூட்டு அது. வண்டிய விட்டுட்டுப் போங்க, மாத்திடறேன்"னாரு.

ஒரு மூட்டு மாத்த வண்டிய விடணுமா? நான் ஆம்பூர்ல ஷூ கம்பெனியில குவாலிட்டி செக்கிங். தையல் ஒரு நூல் கோணலா இருந்தாலும் தூக்கிப் போட்டுடுவேன். எனக்கு இது ஒரு வேலையா! பார்ட்ட வாங்கினேன். செல்லுல வீடியோவப் போட்டேன்.

என் வீட்டுக்காரி ஸ்டெல்லா வேலூர்ல நர்ஸ். வாசல்ல நின்னு பாத்தா. "ஏங்க, உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"ரெண்டு மணி டியூட்டிக்கு இன்னிக்கு நீ பஸ்ல போவாத. நானே கொண்டு போய் விடறேன்."

அவ மூஞ்சில சந்தோஷமே வரல.

ஜாக்கி போட்டு, சக்கரத்தக் கழட்டி, சுத்தியால நாலு தட்டு. அதுல மூணு என் கட்ட வெரல்ல. பழசு வந்துடுச்சு. புதுச மாட்டி இறுக்கினேன். ஆட்டிப் பாத்தா, ஸ்டீயரிங்ல ஒரு ஆட்டமும் இல்ல!

கெளம்பினோம். ஸ்டீயரிங் நேரா இருக்கு. கார் மட்டும் எதிர்ல இருந்த பிரியாணிக் கடைக்குப் போச்சு.

"பசிக்குதா?"ன்னா ஸ்டெல்லா.

ஸ்டீயரிங்க லெஃப்ட்ல நல்லா திருப்பிப் புடிச்சாதான் கார் நேராப் போவுதுன்னு கண்டுபுடிச்சேன். அப்படியே புடிச்சிகினு ஓட்டினேன். டயரு கீச்சு கீச்சுன்னு கத்துது.

பைபாஸ் முனையில டிராபிக் போலீஸ் நிறுத்தினாரு.

"எங்க திரும்பணும்?"

"திரும்பல சார். நேரா வேலூரு."

"அப்ப ஏன் ஸ்டீயரிங்க லெஃப்ட்ல புடிச்சிருக்கீங்க?"

"இதுதான் சார் நேர்."

அவரு ஸ்டெல்லாவப் பாத்தாரு. "அம்மா, நீங்க எறங்கிடுங்க."

அவ ஏற்கெனவே பைய எடுத்துட்டா. பின்னாடி வந்த வேலூர் பஸ்ஸ போலீஸே கை காட்டி நிறுத்தி ஏத்தி விட்டாரு. என்னப் பாத்து, "நீங்க மெதுவா மெக்கானிக்கிட்ட போய்ச் சேருங்க"ன்னாரு.

ஓரமா நிறுத்திட்டு வீடியோவ முதல்லேந்து போட்டேன். "பழசக் கழட்டும்போது எத்தனை சுத்துன்னு எண்ணிக்குங்க. புதுசும் அதே சுத்துக்கு ஏறணும். இல்லேன்னா சக்கரம் கோணிக்கும்"னு அந்த ஆளு ஆரம்பத்துலயே சொல்லியிருக்காரு. விளம்பரத்தத் தள்ளிவிடும்போது நான் அதையும் சேத்துத் தள்ளிட்டேன்.

வண்டிய உருட்டாத குறையா பாய் கடைக்குக் கொண்டு போனேன். வெள்ளிக்கிழமதான் அவருக்கு லீவு, நல்லவேள. அடியில குனிஞ்சவரு ரொம்ப நேரம் எழுந்திருக்கல.

"யாரு சார் செஞ்சது?"

"தெரிஞ்ச... ஒருத்தரு பாய்."

"நட்டு கழண்டு வராம இருக்கப் பின்னு போடணும். அதையே போடல. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா சக்கரம் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். வீட்டம்மாவ ஏத்திகினு போயிருந்தா இன்னா ஆவறது?"

ஸ்டெல்லாவ பஸ்ல ஏத்தி விட்ட போலீஸுக்கு மனசுக்குள்ளயே ஒரு சல்யூட் வச்சேன்.

"அந்தாளு இனிமே ஸ்பேனரத் தொடவே கூடாதுன்னு சொல்லிடுங்க சார்!"

"கண்டிப்பா பாய்"னுட்டு, கார் கண்ணாடிய என் பக்கம் திருப்பி, அங்கயே சொல்லிட்டேன்.