கண்டுகொள்ளாமல் இருக்கவும்

அடுப்பு இன்ஸ்பெக்டர் வைத்த வெங்காய சூப்பைக் குடித்தவர்கள் வழித்த வழிப்பில், கிண்ணத்துக்குள் வரைந்திருந்த நீலப் பூ அழிந்துபோய்விட்டது. இது அவரே சொல்வது. போன மாதம் சொன்னபோது அழிந்தது ஒரு பூ. இந்த மாதம் தோட்டமே காலி. குடித்தவர்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். முதலில் வரவேற்பறைக்குள் அடங்கினார்கள். இப்போது பந்தி தெருமுனை வரை நீள்கிறது. கேட்பவர்கள் "அப்படியா சார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுகிறார்கள்.

அந்தச் சூப்புக்கு நெருப்பு மூட்டியது ஒரு லாரி டிரைவர். வியாழக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டே ஃபோனைப் பார்த்த இன்ஸ்பெக்டர் நுரையை விழுங்கிவிட்டார். டிரைவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "சார், ஞாயிற்றுக்கிழமை உங்க ஊர் வழியா லோடு எடுத்துட்டுப் போறேன். உங்க கையால ஒரு கிண்ணம் சூப் கிடைக்குமா?"

யார் கையால்?

அங்கேதான் சிக்கல். 'அடுப்பு இன்ஸ்பெக்டர்' என்பது அவருடைய சமையல் வலைப்பூவின் பெயர். ஓய்வு பெறும்வரை அவர் நிஜமாகவே இன்ஸ்பெக்டர்தான், தீப்பாதுகாப்பு இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, தீயணைக்கும் உருளை காலாவதி ஆகிவிட்டதா, அவசர வழியில் யாராவது பீரோவை நிறுத்தியிருக்கிறார்களா என்று பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது வேலை. ஓய்வு பெற்ற மறுநாள் பார்ப்பதற்குக் கட்டடம் இல்லாததால் மனைவியின் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவள் செய்வதைப் பார்த்தார். பார்த்தபடி எழுதினார். ஒரே ஒரு சின்ன மாற்றம்: 'அவள்' என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'நான்' என்று போட்டார்.

மற்றபடி அவருக்குத் தெரிந்த ஒரே சமையல் வெந்நீர். அதிலும் ஒரு பாத்திரம் போய்விட்டது.

ஆனால் படிக்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் போகவில்லை. பல் டாக்டரம்மா ஒருவர், லாரி டிரைவர், கண்ணாடிக் கடைக்காரர், நர்ஸுகள், தபால்காரர் என்று ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. ஒருவர் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்கள் தூங்க மாட்டார்கள். எல்லாரும் அவர் எழுதியதைச் சமைத்துப் படம் போடுவார்கள். அவர் கண்விழிப்பதற்குள் யாராவது வணக்கம் சொல்லியிருப்பார்கள். ஒருநாள் எழுதாவிட்டால் "சாருக்கு உடம்பு சரியில்லையா" என்று பதறுவார்கள். துறையில் அவர் லீவு போட்டபோதெல்லாம் யாரும் பதறியதில்லை. சிலர் இனிப்பு வாங்கிக் கொடுத்ததாகக்கூடக் கேள்வி.

அதனால் டிரைவருக்கு வரவேண்டாம் என்று எழுத மனம் வரவில்லை. "தாராளமாக வாங்க, இது உங்கள் வீடு" என்று எழுதிவிட்டார். அதை எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதிவிட்டார். வாயைத் துடைப்பதற்குள் பல் டாக்டரம்மா, "அப்போ எங்க வீடு இல்லையா சார்?" என்று கேட்டிருந்தார். குளித்துவிட்டு வருவதற்குள் வீடு எல்லாருடையதும் ஆகிவிட்டது.

இன்ஸ்பெக்டருக்கு மத்தியானம் ஒரு யோசனை வந்தது. வலது கை சுளுக்கிக்கொண்டுவிட்டது, கரண்டியைத் தூக்க முடியவில்லை என்று எழுதினார். உடனே எல்லாரும் கண்டிப்பாக வருவதாகச் சொன்னார்கள். முன்பு யோசித்தவர்கள்கூட இப்போது வருகிறார்களாம். சார் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு படியாகச் சொன்னால் போதும், நறுக்குவது வதக்குவது எல்லாம் தாங்களே பார்த்துக்கொள்வதாகப் பல் டாக்டரம்மா எழுதியிருந்தார்.

சமைக்கத் தெரியாததைவிடச் சமைக்கச் சொல்லத் தெரியாதது ஆபத்து. சாயங்காலத்துக்குள் கை அதிசயமாகக் குணமாகிவிட்டதாக அறிவித்தார். குணமானதற்கு வாழ்த்துகள் குவிந்தன. டிரைவர், அப்படியானால் இரண்டு கிண்ணம் வேண்டும் என்றார்.

மறுநாள் காலை மச்சினனிடம் ஓடினார். மனைவியின் தம்பி, இரண்டு தெரு தள்ளி மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன். எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்பாத ஆள். கட்டின மனைவி கரண்ட் வந்துவிட்டது என்று சொன்னாலும் மீட்டர் வைத்துப் பார்ப்பான். தாமிரக் கம்பியைச் சுற்றிக்கொண்டே கதையை முழுவதும் கேட்டான்.

"மாமா, உங்க பிளாக்கைப் பார்த்து உலகத்துல ஒரு ஜீவனாவது சமைச்சிருக்கும்னு நிஜமா நம்புறீங்களா?"

"படம் போடுறாங்களேடா."

"படம் எங்க வேணா கிடைக்கும். லைக் போடுவாங்க, அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க. ஒருத்தரும் வரப்போறதில்ல. வந்தாலும் வாயில வைக்கப்போறதில்ல."

"வந்துட்டா?"

"அடுப்பு ரிப்பேர்னு போடுங்க. இதுக்குப் போய் மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டு."

போட்டார். பத்தே நிமிடத்தில் டிரைவரிடமிருந்து பதில். லாரியில் பெரிய அடுப்பு ஒன்று எப்போதும் இருக்கிறதாம். சிலிண்டரோடு இறக்கிக் கொடுத்துவிடுகிறாராம். பெரிய அடுப்பு என்றதும் வீட்டில் இருப்பவர்களையும் அழைத்துவரலாமா என்று தபால்காரர் கேட்டார்.

இனிமேல் போவதற்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அது வீட்டின் முன்னறை. அங்கே மனைவி வாய் நிறைய குண்டூசிகளோடு ஒரு நீளமான கவுனுக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். தையல்தான் அவள் தொழில். சமையல் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவில் நடப்பது. இன்ஸ்பெக்டர் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்திவிட்டுத்தான் பேசினாள்.

"'என் கையால'ன்னா எழுதியிருக்கீங்க?"

"ஆமா."

"வெந்நீர்ல பாத்திரத்தை ஓட்டை போட்ட கை."

"அதைக் குறிப்பிடல."

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, கவுனின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"சொல்லிட்டா எல்லாரும் போயிடுவாங்க. அப்புறம் காலையில எனக்கு யாரு வணக்கம் சொல்லுவா?"

"ஏன், நான் பேசுறதில்லையா?"

"நீ 'பால் வாங்கிட்டு வாங்க'ன்னு சொல்ற."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபின் அவர் முகத்தைப் பார்த்தாள். அது சிரிப்பில் சேரவில்லை. சரி, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தான் செய்துவிடுவதாகவும், ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அவர் பெருமையாகப் பரிமாறலாம் என்றும் சொன்னாள். எது வேண்டும் என்று மட்டும் கேட்டாள். வெங்காய சூப் என்றார். அவர் எழுதியதிலேயே அதற்குத்தான் கூட்டம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. லாரியும் வந்து, தெருவை முழுவதுமாக அடைத்துக்கொண்டு நின்றது. பெரிய அடுப்பு சமையலறைக்குள் இறங்கியது. கூட்டம் உள்ளே நுழைந்து அவரைக் கட்டிப்பிடித்தது. குணமான கையைப் பிடித்துப் பார்த்தது. ஏப்ரனில் வெங்காயத் தோல் இரண்டை ஒட்டிக்கொண்டு நின்ற இன்ஸ்பெக்டர், சமையலறைக்குள் போவதும் கரண்டியோடு வெளியே வருவதும் நெற்றியைத் துடைப்பதுமாக இருந்தார். வியர்வை மட்டும் சொந்தம்.

சூப் வந்தது. மனைவி தன் ஆயுளில் வைத்த சூப்புகளுக்கெல்லாம் சிகரம் அது. பொன் நிறம். வாசனைக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. ரொட்டியோடு எல்லாரும் ஒரு வாய் குடித்தார்கள்.

இன்னொரு வாய் குடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல் டாக்டரம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். பல்லைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்று நோயாளியிடம் சொல்கிற குரலில் பேசினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"நம்ம சூப் இல்லையே."

"ஹோட்டல்ல வாங்கினீங்களா சார்?" என்றார் டிரைவர் வருத்தமாக.

சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு கரண்டி விழுந்தது. இன்ஸ்பெக்டர் பேயறைந்ததுபோல நின்றார். டிரைவர் ஃபோனை எடுத்து, அவர் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினார்.

"நாலாவது படி. வெங்காயம் கறுத்துப் புகை வரும்வரை வதக்கவும். அஞ்சாவது. அடுப்பை அணைக்காமல் முன்னறைக்குச் செல்லவும். ஆறாவது. கால்மணி நேரம் கண்டுகொள்ளாமல் இருக்கவும். ஏழாவது. ஐயோ என்று சொல்லிக்கொண்டு ஓடிவந்து, ஒரு சொம்புத் தண்ணீரை மொத்தமாக ஊற்றவும்." ஃபோனை மடியில் வைத்தார். "ரோட்டோரம் நிறுத்தி நான் ஐயோன்னு கத்துறப்ப பின்னாடி வர்ற வண்டியெல்லாம் நின்னுடும் சார். அப்பவும் ஒருநாள்கூட அந்தப் படியை விட்டதில்ல."

கதவு திறந்தது. மனைவி வந்தாள். இன்ஸ்பெக்டரை ஓரமாக இழுத்துப்போய்க் காதருகே பேசினாள்.

"அன்னிக்குக் கல்யாணப் பொண்ணு அளவு கொடுக்க வந்தாளே, நான் அடுப்பை மறந்துட்டுப் போனேனே. அதையா எழுதினீங்க?"

"பார்த்ததைத்தானே எழுத முடியும்."

"அதை அப்படியே சாக்கடையில கொட்டினேங்க."

"கொட்டினப்ப நான் எழுதி முடிச்சுட்டுத் தூங்கப் போயிட்டேன்."

இதற்குள் கூட்டம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. சார் தங்கள் கண்ணெதிரே அந்தச் சூப்பை வைக்கவேண்டும். இன்ஸ்பெக்டர் மனைவியைப் பார்த்தார். தன்னால் அப்படியெல்லாம் வைக்க முடியாது, முயன்றாலும் கை வராது என்றாள். ஏப்ரனின் முடிச்சை மட்டும் பின்னால் இறுக்கிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் அடுப்பைப் பற்றவைத்தார். மூன்றாவது தீக்குச்சியில் பிடித்தது. தன் வலைப்பூவையே ஃபோனில் திறந்து சுவரில் சாய்த்துவைத்துக்கொண்டு, ஏதோ மேலதிகாரியின் உத்தரவைப்போல ஒவ்வொரு வரியாகப் படித்து நிறைவேற்றினார். வெங்காயம் சிவந்தது, கறுத்தது, பிறகு பெயர் தெரியாத ஒரு நிறத்துக்குப் போனது. ஐந்தாவது படியின்படி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார். இதே குற்றத்துக்கு அவர் எத்தனை பேருக்கு நோட்டீஸ் கொடுத்திருப்பார் என்று துறைக்குத்தான் தெரியும்.

எல்லாரும் மரியாதையாகக் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள். பல் டாக்டரம்மா மழை வருமா என்று விசாரித்தார். கூரையில் இன்ஸ்பெக்டரே மாட்டிய புகை அலாரம் அலறியது. யாரோ கைதட்டினார்கள். மனைவி மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, தபால்காரர் குறுக்கே நின்றார்.

"ஆறாவது படி இன்னும் முடியல மேடம்."

முடிந்தது. "ஐயோ" என்று இன்ஸ்பெக்டர் ஓடினார். அது அடிவயிற்றிலிருந்து வந்தது. பின்னால் கூட்டமும் ஒரே குரலில் ஐயோ என்றது. தண்ணீர் விழுந்த சத்தத்தில் லாரியின் கண்ணாடி அதிர்ந்ததாக டிரைவர் பிற்பாடு சாட்சி சொன்னார்.

குடித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். "இதான் சார், இதான்" என்று கண்ணாடிக் கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரொட்டியால் கிண்ணத்தை வழித்தார்கள். ரொட்டி தீர்ந்ததும் விரலால் வழித்தார்கள். பூ அழிந்தது அப்போதுதான் என்பது இன்ஸ்பெக்டரின் கட்சி.

இன்ஸ்பெக்டர் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று தீர்மானித்து எழுந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இதுவரைக்கும் நான் எழுதினதையெல்லாம் வெச்சது…"

"டிரைவர் கிண்ணம் காலியா இருக்கு பாருங்க," என்றாள் மனைவி. "ஆறுறதுக்குள்ள ஊத்துங்க."

அவர் ஊற்றப் போனார். அந்த நேரத்தில்தான் மச்சினன் புகையைப் பிளந்துகொண்டு வாசலில் வந்து நின்றான். கடையிலிருந்தே புகையைப் பார்த்திருக்கிறான். தீயணைக்கும் உருளையைத் தோளில் சுமந்தபடி ஓடிவந்தவன், வரமாட்டார்கள் என்று தான் சொன்ன கூட்டம் மூன்றாவது முறை கிண்ணம் நீட்டுவதைப் பார்த்து அப்படியே நின்றான்.

"அக்கா, இவங்களுக்கெல்லாம் கூலி எவ்வளவு?"

அக்கா ஒரு கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள். அவன் முகர்ந்து பார்த்தான். ஒரு வாய் குடித்தான். நாக்கில் நிறுத்தி, இன்னொரு வாய் குடித்தான். உருளையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன மச்சான், இப்பவாவது நம்புறியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நம்புறேன் மாமா. உங்களைப் பார்த்து நிஜமாவே சமைக்கிறாங்க," என்றான் மச்சினன், கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ரெண்டு வருஷமா எங்க வீட்ல தினம் இதேதான். நான் பாவி, பொண்டாட்டிக்குச் சமைக்கத் தெரியலன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."