பத்து வள்ளத்துக்கும் ஒரே அளவு

மனிதன் கண்டுபிடித்தவற்றுள் நெருப்புக்கும் சில்லுக்கும் அடுத்தபடியாகப் போற்றத்தக்கது 'சிக்கன உற்பத்தித் தொகுதி', அதாவது எதையும் ஒவ்வொன்றாகச் செய்யாமல் மொத்தமாகச் செய்யும் முறை. அது மீனவர் ஊரான கொழும்புத்துறைக்கு வந்து சேர்ந்த அன்று, லெனாட் கிழவரின் வள்ளம் கரையில் கிடந்தது. இறால் படுகிற காலம். இயந்திரத் தண்டைத் தாங்கும் பித்தளை வளையமான புஸ் தேய்ந்துவிட்டது. புதிதாக ஒன்று கடைந்து போட்டால் பின்னேரமே கடலில் இறங்கலாம்.

கடைச்சல் பட்டறைக்கார ஜெரிசன் தலையைச் சொறிந்தான். பக்கத்தில் நின்ற, அந்த முறையைக் கொண்டுவந்த ஆலோசகர் சுபாங்கன்தான் வாய் திறந்தார். கழுத்தில் அட்டை தொங்குகிற எவரையும் லெனாட் நம்புவதில்லை.

"ஐயா, ஒண்டுக்காக மெசினைச் செட் பண்ண அரைநாள் விரயம். பத்தெண்டால்தான் கட்டுப்படியாகும்."

"என்னட்டை வள்ளம் ஒண்டுதான் தம்பி."

"அப்ப இன்னும் ஒன்பது பழுதாகட்டும்."

"ஆகாட்டி?"

"ஆக்கலாம்தானே?"

அறிவு என்றால் அது! அன்றே மீனவர் சங்கத்தில் கூட்டம். திரையில் படம், பால்தேத்தண்ணி, ரோல்ஸ். 'முற்கூட்டிய பழுது'த் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. லெனாட் கை உயர்த்தவில்லைதான். கையில் ரோல்ஸ் இருந்தபடியால் அதை எவரும் எதிர்ப்பாகக் கருதவில்லை. நன்றாக ஓடிய ஒன்பது வள்ளங்களைக் கரையேற்றி, நல்ல புஸ்களை வெட்டி எடுத்தார்கள்.

தண்டுகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாய்த் தேய்ந்திருந்தன. வழக்கமாக ஜெரிசன் ஒவ்வொன்றாய்க் கடைந்து, வள்ளத்தில் போட்டுப் பார்த்துச் சுரண்டுவான். அந்த அநாகரிகத்தை ஆலோசகர் நிறுத்தினார். பத்துத் தண்டையும் அளந்து, பேனையால் எழுதிக் கூட்டி, பத்தால் பிரித்தார்.

"உது ஆற்றை வள்ளத்தின்ரை அளவு?" என்றார் லெனாட்.

"எல்லாருக்கும் பொதுவான அளவு ஐயா."

"பொதுவான வள்ளம் ஆரிட்டைக் கிடக்கு?"

பத்துப் புஸ்ஸும் பளபளவென்று வந்தன. பாதி, தண்டில் ஏற மறுத்தன. மீதி, தண்டைச் சுற்றி ஆடின. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. பட்டறையில் பித்தளை தீர்ந்தது. அடுத்த பித்தளை வருமுன் கடலில் இறாலும் தீர்ந்தது.

பாராட்டு விழா நடந்தது. மெசின் ஒரு நிமிடமும் வீணே நிற்கவில்லையென்று ஜெரிசனுக்கு மாலை விழுந்தது. சுபாங்கன் மைக்கை லெனாட்டிடம் நீட்டினார்.

"பயனாளி ஐயா இரண்டு வார்த்தை கதைப்பார்."

கரையில் வரிசையாய்க் கிடந்த பத்து வள்ளங்களையும் லெனாட் ஒருமுறை பார்த்தார்.

"சண்டைக் காலத்திலை எங்களைக் கடலுக்குப் போகாமல் மறிக்க நேவிக்குப் பீரங்கிப் படகு வேண்டிக்கிடந்தது. தம்பி ஒரு பேனையாலை மறிச்சுப்போட்டார். சிக்கனமெண்டால் உதுதான்."