பில்ட் ஸ்கிரிப்டைச் சீர்திருத்திய சிவபிரகாஷ்

"ஏனுங்க தம்பி, லேபிள்ல இன்னும் பழைய பையர் பேருதானுங்க இருக்குது?"

முதலாளி சாமியப்பன் நீட்டிய ஸ்டிக்கரைச் சிவபிரகாஷ் வாங்கிப் பார்த்தான். பேக்கிங்கிலிருந்து மூக்கம்மாள் கொடுத்தனுப்பிய சாம்பிள் அது. லேபிள் மென்பொருளில், சரக்கு வாங்கும் புதுப் பையரின் பெயரைக் காலையில்தான் மாற்றியிருந்தான். நல்லூர் பனியன் கம்பெனி வாசலில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரி நிற்கிறது. சாயங்காலத்துக்குள் ஏற்றாவிட்டால் கப்பல் தவறி, முதலாளி கைக்காசில் சரக்கு விமானத்தில் போகும்; சிவபிரகாஷ் வேலை போய் நடந்தே வீட்டுக்குப் போவான்.

"பில்ட் ஸ்கிரிப்ட்தானுங்க கோளாறு" என்றான்.

மாற்றியதையெல்லாம் சேர்த்து, ஓடுகிற மென்பொருளாகக் கட்டித்தரும் கட்டளைக் கோப்பு அது. முன்பு இருந்தவர் எழுதியது. ஒரே கோப்பு, அனுமார் வால். சிவபிரகாஷுக்கு வெகுநாளாகவே அதன்மேல் ஒரு கண்.

"இதுக்கும் டிசைன் கொள்கை வேணுமுங்க. ஒரு கோப்புக்கு ஒரு வேலைதான். நம்மூர்ல கட்டிங் ஒருத்தர், ஓவர்லாக் ஒருத்தர்னு பிரிச்சுக்கறாப்புல."

"அப்படிப் போடுங்க!"

முதலாளிக்குப் புரிந்துவிட்டது. அதுதான் வினை.

பிரித்தான். ஓடவிட்டான். ஒரு கோப்பு இன்னொன்றைக் காணோம் என்றது. அது இருக்கும் இடத்தைக் காட்டினான்; இப்போது லேபிளில் பெயரே காணோம்.

ஒரே வரி இரண்டு இடத்தில் இருந்தது. சொன்னதையே திரும்பச் சொல்லக்கூடாது என்பதும் கொள்கைதானே? ஒன்றை வெட்டினான். பிரிண்டர் மூச்சையே விட்டுவிட்டது.

"தம்பி, லாரிக்காரர் ஹாரன் அடிக்கறாருங்க!"

"ரெண்டே நிமிசமுங்க!"

சென்னிமலை முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டான். கொள்கை கிடக்குது கழுதை என்று, பிரித்ததையெல்லாம் கடாசிவிட்டு, பழைய அனுமார் வாலையே எடுத்து, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் ஓடவிட்டான்.

பிரிண்டர் கிர்ரென்றது. புதுப் பெயர்!

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. பெட்டிகளில் லேபிள் ஒட்டி ஏற்றினார்கள். லாரி கிளம்பிவிட்டது. சிவபிரகாஷ் நாற்காலியில் சரிந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தான்.

"கொள்கைன்னா கொள்கைதானுங்க!" முதலாளி அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அதே ஸ்கிரிப்ட் காலையில் ஏன் சண்டித்தனம் செய்தது என்று சிவபிரகாஷுக்கே விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, வேலை தப்பித்ததே!

மூக்கம்மாள் கதவருகே வந்து நின்றாள்.

"காலைல முதலாளி சாம்பிள் கேட்டாக. அளவு பாக்கத்தானேன்னு, புது ரோல வீணாக்காம, போன வாரம் அடிச்சு மிச்சம் கெடந்ததுல ஒண்ணு கிழிச்சுக் குடுத்தேன். சரியா இருந்துச்சா தம்பி?"